புழுவுக்கும் நாக்கு உண்டு

கேள்வி (கொழிஞ்சாம்பாறை வாசகர்): ஒரே தண்ணீர், ஒரே உரம். பக்கத்து வயல் நெல்லைப் பூச்சி தொடவில்லை. என் வயல் கருகிப்போச்சு. அவருக்கும் பூச்சிக்கும் என்ன உறவு?

பதில்: உறவு அவருக்கில்லை, விதைக்கு. உங்கள் பாலக்காடு மாவட்டத்துப் பட்டாம்பியிலேயே அத்தாட்சி இருக்கிறது. 1927-ல் தொடங்கிய அந்த நெல் ஆராய்ச்சி நிலையம் நாட்டு நெல்லிலிருந்து பொறுக்கியெடுத்த ரகம் பி.டி.பி. 33. நெல்லைக் கருக வைக்கும் புகையான் பூச்சி இலையைக் கடிக்காது, தூரில் உட்கார்ந்து சாறு குடிக்கும். பி.டி.பி. 33-லும் உட்காரும், குத்தும், வயிறுதான் நிறையாது. ஒரே தட்டில் நாற்று வளர்த்துப் பூச்சியை விட்டால், தைவான் ரகமான டி.என்.1 வைக்கோலாகச் சாயும்; பட்டாம்பிக்காரர் பச்சையாக நிற்பார். புது ரகங்களைச் சோதிக்க இன்றும் இவை இரண்டும்தான் அளவுகோல்.

கேள்வி (சித்தூர் வாசகர்): பி.டி.பி. 33-ன் எதிர்ப்பு மரபணுவை எல்லா நெல்லிலும் ஏற்றிவிட்டு மருந்துக்கடையை மூடிவிடலாமே?

பதில்: கடைக்காரர் பயப்பட வேண்டாம். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1973-ல் ஐ.ஆர். 26-ஐ வெளியிட்டது. புகையானுக்கு எதிராக அதில் ஒரே ஒரு மரபணு. சில ஆண்டுகளிலேயே பிலிப்பைன்ஸ் புகையான் அதையும் குடிக்கப் பழகிவிட்டது. 1976-ல் வந்த ஐ.ஆர். 36-க்கு வேறு மரபணு; அதன் முன்னோரில் நம் பி.டி.பி. 18-ம் 21-ம் உண்டு. ஒற்றைப் பூட்டு போட்டால் திருடன் கற்றுக்கொள்வான். பி.டி.பி. 33-ல் ஒன்றுக்கு மேற்பட்ட பூட்டு.

கேள்வி (வாளையார் வாசகி): பறம்பிக்குளத்தில் சில தேக்கு சல்லடை, சில தேக்கு பச்சை. ஏன்?

பதில்: பாலக்காட்டுக் காட்டைப் பார்க்க சேத்துமடை வழியாகத் தமிழ்நாட்டைச் சுற்றிப் போய்வந்த உங்களுக்கு முதலில் ஒரு சபாஷ். சல்லடை, முற்றிய இலையை நரம்பு விட்டுச் சுரண்டும் புழுவின் வேலை. தளிரை மொட்டையடிக்கும் புழு வேறு. மழை தொடங்கும்போது படையாக வரும். நிலம்பூரின் இளந்தேக்குத் தோட்டங்களில் பீச்சி வன ஆராய்ச்சி நிலையத்தார் கணக்கிட்டதில், கிடைத்திருக்க வேண்டிய மர வளர்ச்சியில் 44 சதவீதம் இந்தத் தளிர்தின்னியால் போனது. முந்தித் துளிர்க்கும் மரத்தில், படை வருவதற்குள் இலை முற்றிவிடும். எப்போது துளிர்ப்பது என்பதும் பெரிதும் பரம்பரைச் சொத்துதான். தளிர்தின்னியைச் சண்டையே போடாமல் ஜெயிக்கிற கெட்டிக்காரத்தனம்!

கேள்வி (கம்பம்மெட்டு வாசகர்): என் ஏலத்தோட்டம் முழுக்க ஞள்ளானி ரகம். கவலைப்படணுமா?

பதில்: கொஞ்சம். விதையில் வந்த செடிகள் அண்ணன் தம்பி மாதிரி, ஆளுக்கொரு குணம். ஞள்ளானி போலத் தூர் பிரித்து நட்டதெல்லாம் ஒரே ஆளின் நகல். ஒன்றை ருசி பார்த்த பூச்சிக்கு மொத்தத் தோட்டமும் பந்திதான். ஞள்ளானியைப் பிடுங்கச் சொல்லவில்லை, காசு தருவது அதுதான். ஓரத்தில் நிற்கும் பழைய மலபார், வழுக்கை ரகத் தூர்களை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.