பொம்மையின் சம்மதம்

பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு பெற, வெளிநாட்டில் படித்தவர்கள் இரண்டு தேர்வுகளைத் தாண்ட வேண்டும். முதலாவதைக் கணினியில், ஊரிலிருந்தே எழுதிவிடலாம். இரண்டாவது, அங்கே போய்ச் செய்துகாட்டும் ‘ஆஸ்கி’. 10 ஸ்டேஷன்கள், தலைக்கு மேல் கடிகாரம், கையில் பட்டியலுடன் தேர்வாளர்.

நோயாளியாகச் சில இடங்களில் நடிகர் இருப்பார், சில இடங்களில் பொம்மை. பொம்மையிடமும் பெயர் சொல்லி அறிமுகமாக வேண்டும். அலர்ஜி உண்டா என்று விசாரித்து, சம்மதம் வாங்கிய பிறகே தொட வேண்டும். எந்தப் பொம்மையும் இதுவரை மறுத்ததாகத் தகவல் இல்லை.

நம் மாவட்ட ஆஸ்பத்திரியில் பல வருஷம் நைட் டியூட்டி பார்த்த சிஸ்டர் தடுமாறுவது இங்கேதான். நரம்பே தெரியாத பாட்டியின் கையில், கரண்ட் போன நேரத்தில் செல்போன் வெளிச்சத்தில் வென்ஃப்ளான் ஊசி ஏற்றியவர் அவர். ஆனால் செய்வதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்து பழக்கமில்லை. வார்டில் அந்த வாய்க்கு வேறு வேலை இருந்தது: “பேஷன்ட்டுக்கு ஒரு ஆள் போதும்மா, மத்தவங்கல்லாம் வெளிய நில்லுங்க!” மருந்தை விடக் கடினமான இந்தச் சிகிச்சைக்கு ஆஸ்கியில் மார்க் கிடையாது. பொம்மைக்குச் சொந்தக்காரர்களும் கிடையாதே.

நம் ஊர் நர்ஸிங் படிப்பு முறை இவ்வளவு படுத்தாது. இத்தனை ஊசி, இத்தனை டிரஸ்ஸிங், இத்தனை பிரசவம் என்று ரெக்கார்டு நோட்டை நிரப்பி மேடத்திடம் கையெழுத்து வாங்கினால் திறமை கைவந்துவிடும். பரீட்சைக்கு முந்தின வாரம் சில ஹாஸ்டல்களில் பிரசவங்கள் மளமளவென்று நடக்கும். எல்லாம் சுகப்பிரசவம், எல்லாம் ஒரே நீல மை.