மவுஸ் வைத்தியர்

முழுசாகச் செத்துப்போன மவுஸ் அவருக்குப் பிடிக்காது. புது செல் போட்டும் அசையாவிட்டால், அது செத்ததுதான் என்று கடையில் நிற்கிற எல்லாருக்கும் விளங்கிவிடும், வேறொன்று வாங்கிவிடுவார்கள். நன்றாக ஓடுகிற மவுஸாலும் அவருக்குப் பிரயோஜனமில்லை. அவருக்கு வேண்டியது இரண்டுங்கெட்டான் மவுஸ். காலையில் ஓடும், பதினோரு மணிக்கு நொண்டும், எல்லாரும் டீ குடித்துவிட்டு வருவதற்குள் தானாகச் சரியாகும், ஆள் உட்கார்ந்து அவசர வேலையைத் தொடங்கியதும் அம்புக்குறி திரையின் மூலைக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒரு வயர்லெஸ் மவுஸ் இன்ன கடையில் இருக்கிறதென்று காதில் விழுந்தால், மனிதர் பாதிச் சாப்பாட்டில் கைகழுவிவிட்டு வந்துவிடுவார்.

சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் போகிற சாலையில் இருக்கிறது குமராட்சி. ஒன்றிய அலுவலகம் உள்ள ஊர். அதனால் சுற்றுப்பட்டு கிராமங்களிலிருந்து ஏதாவது ஒரு காகிதத்துக்காக ஆள் வந்துகொண்டே இருக்கும். வருமானச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா நகல், ஆதாரில் செல் நம்பர். காகிதம் வேண்டியவர்கள் இருக்கிற இடத்தில் ஜெராக்ஸ் கடை இருக்கும். ஜெராக்ஸ் கடை இருக்கிற இடத்தில் இவர் இருப்பார். குமராட்சிக்கு மட்டும் வாய்த்தவர் என்று நினைக்க வேண்டாம். லால்பேட்டையிலும் இருப்பார், கீரப்பாளையத்திலும் இருப்பார், கடலூர் கலெக்டர் ஆபீஸ் எதிரிலும் இருப்பார். சட்டையின் நிறம்தான் மாறும்.

வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு டெஸ்டர் நிற்கும். என்ன ஆச்சு என்று யாரையும் கேட்க மாட்டார். நோயாளியிடம் விசாரிப்பது கத்துக்குட்டி டாக்டரின் வேலை என்பது அவர் கட்சி. "பாப்பா, நீ எந்திரி" என்பதுதான் முதல் வார்த்தை. கடையில் டைப் அடிக்கிற பெண் எழுந்துகொள்வாள். நாற்காலியை ஒரு பிடி பின்னுக்குத் தள்ளி, உட்கார்ந்து, மவுஸைக் கையில் எடுத்து எடை பார்ப்பார்.

பிறகு தொடையில் இரண்டு தட்டு. கவிழ்த்துப் போட்டு அடியில் சிவப்பு வெளிச்சம் எரிகிறதா என்று பார்ப்பார். எரிந்தால், "உசுரு இருக்கு." எரியாவிட்டால் உதட்டைப் பிதுக்குவார். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்கிற மவுஸ்கள் வந்து வெகுகாலம் ஆகிறது. அவற்றில் எத்தனையை இந்த உதட்டுப் பிதுக்கல் உயிரோடு குப்பைக்கு அனுப்பியதோ!

அடுத்தது செல். பென்சில் செல்லைக் கழற்றி அதன் தலையில் டெஸ்டரை வைப்பார். டெஸ்டருக்குள் இருக்கும் நியான் விளக்கு கண் விழிக்கவே அறுபது எழுபது வோல்ட்டுக்கு மேல் வேண்டும். செல்லில் இருப்பது ஒன்றரை. எரியாது. இன்று வரை எந்தக் கடையிலும் எந்த செல்லிலும் எரிந்ததில்லை. "பாத்தியா, டவுனு" என்பார். சுற்றி நிற்பவர்கள் ஆமாம் என்று தலையாட்டுவார்கள். அதன்பின் அதே செல்லை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து உருட்டி, முனையை வேட்டியில் துடைத்து, திரும்ப அதே இடத்தில் போடுவார். மவுஸ் ஓடும்! டிரான்சிஸ்டர் ரேடியோ செல்லை வெயிலில் காயவைத்துப் பாட்டுக் கேட்ட தலைமுறை அது. அந்தப் பழக்கத்தில் கொஞ்சம் விஷயமும் உண்டு. களைத்துப்போன சாதா செல்லுக்கு ஓய்வு கொடுத்தால் கொஞ்சம் தெம்பு திரும்பும். முனையில் பூத்த துருவும் துடைத்ததில் போயிருக்கும். ஒரு பட்டா நகல் எடுத்து முடிக்கிற வரைக்கும் அது தாங்கும்.

தாங்காவிட்டால் டாங்கிள். கம்ப்யூட்டரில் செருகியிருக்கும் அந்தச் சுண்டுவிரல் நகத்தளவு ரிசீவரைப் பிடுங்கி, வாயருகே வைத்து ஊதி, வேறொரு ஓட்டையில் செருகுவார். சிஸ்டத்தை ஒரு தடவை அணைத்துப் போடுவார். மேஜையை இழுத்துத் திருப்புவார். மின்விசிறியைக் குறைக்கச் சொல்வார். இத்தனையும் முடிந்தபின் மவுஸ் ஓடத் தொடங்கும். செய்த காரியங்களில் எது குணப்படுத்தியது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது. ஆகவே அடுத்த தடவை அத்தனையும் செய்வார், அதே வரிசையில், மின்விசிறி உட்பட. தானாக வந்து தானாகப் போகிற கோளாறுக்கு யார் பக்கத்தில் நின்றாலும் அவர் வைத்தியராகிவிடலாம். வந்த காய்ச்சல் மூன்றாம் நாள் இறங்கும்போது யார் கையில் விபூதி இருந்ததோ அவருக்குப் பேர். இவர் நாள் முழுக்கக் கடையிலேயே நிற்பதால் இறங்குகிற காய்ச்சலெல்லாம் இவர் கணக்கில்தான் சேர்கிறது.

உண்மையில் அந்தக் கடையில் நடந்துகொண்டிருந்தது வேறு. கடைக்காரர் புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் முன்பக்கம் இரண்டு நீலநிற ஓட்டைகள். யூஎஸ்பி 3.0 என்பது அவற்றின் பெயர், வேகமானவை. ஒன்றில் மவுஸின் டாங்கிள் இருக்கும். ஒட்டினாற்போல மற்றொன்றில் கல்யாண வீடியோ ஏற்றுவதற்கு ஹார்ட் டிஸ்கைச் செருகுவார்கள். மவுஸும் டாங்கிளும் பேசிக்கொள்வது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் சுற்றிச் சுற்றி அந்த வட்டாரத்தில்தான் குடியிருக்கின்றன. யூஎஸ்பி 3.0 மும்முரமாகத் தகவல் கடத்தும்போது அதே அலைவரிசையில் இரைச்சலை எழுப்பும். பக்கத்து ஓட்டையில் செருகியிருக்கும் டாங்கிளின் காது அடைத்துப்போகும். இதை யாரும் மறைத்து வைக்கவில்லை. இன்டெல் நிறுவனமே 2012-இல் அறிக்கையாக வெளியிட்டது. ஆக, தாலி கட்டுகிற காட்சி ஹார்ட் டிஸ்கில் ஏறிக்கொண்டிருக்கிற வரை அம்புக்குறி சிதம்பரம் கீழவீதி முனையில் தேர் திரும்புகிற வேகத்தில் நகரும். வீடியோ ஏறி முடிந்ததும் துள்ளி ஓடும். டாங்கிளைப் பின்பக்கத்துக் கறுப்பு ஓட்டைக்கு மாற்றினாலோ, ஒரு முழ நீட்டிப்பு ஒயரில் செருகித் தள்ளி வைத்தாலோ தீர்ந்தது. நம்மவர் கைபோன போக்கில் சில நாள் பின்பக்கம் செருகுவார், அன்றைக்கு முழுக் குணம். சில நாள் முன்பக்கமே செருகுவார், அன்றைக்கு "கரண்ட்டு சரியில்ல."

இன்னொரு காரணம் அவர் முழங்கைக்குக் கீழேயே இருக்கிறது. கடை மேஜைக்குக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். கண்ணாடிக்கு அடியில் நடராஜர் படம், சிதம்பரம் பஸ் நேரம், வாங்க வராதவர்களின் பாஸ்போர்ட் போட்டோ. மவுஸின் வயிற்றில் இருப்பது ஒரு குட்டிக் கேமரா. நொடிக்கு ஆயிரத்துக்கும் மேல் படம் எடுத்து, முந்தைய படத்துக்கும் இதற்கும் தரை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று கணக்குப் போடுவதுதான் அதன் பிழைப்பு. பளபளக்கும் கண்ணாடியில் அதற்குப் பிடிமானம் கிடைக்காது. கண்ணாடிக்கு அடியில் பஸ் நேரம் தெரிகிற இடத்தில் ஒரு மாதிரி ஓடும், வெற்றிடத்தில் வேறு மாதிரி ஓடும். பழைய காலண்டர் அட்டையைத் திருப்பிப் போட்டு அதன்மேல் மவுஸை ஓட்டினால் தீர்ந்துவிடுகிற விஷயம். செலவும் கிடையாது. ஆனால் அட்டையைப் போடச் சொல்வதில் ஒரு கௌரவம் இருக்கிறதா? "வைரஸ்" என்று சொல்வதில் இருக்கிறது.

நியாயத்துக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். மனிதர் ஒரு காலத்தில் மெய்யாகவே வைத்தியர்தான். மவுஸின் அடியில் ரப்பர் உருண்டை இருந்த நாட்கள் அவருடைய பொற்காலம். சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் இருப்பதால் இந்தப் பக்கத்தில் பி.ஜி.டி.சி.ஏ. என்கிற கம்ப்யூட்டர் படிப்பு படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை, இவரும் படித்தவர். உருண்டையைக் கழற்றி, உள்ளே இருக்கும் சின்ன உருளைகளில் சுற்றிய அழுக்கை ஊக்கு முனையால் சுரண்டி எடுத்து, வெற்றியோடு எல்லாருக்கும் காட்டுவார். மாட்டினால் வெண்ணெயாக ஓடும். அங்கே காரணம் கண்ணுக்குத் தெரிந்தது, கையில் வந்தது. அதற்கும் முந்தைய அவதாரத்தில் அவர் மொட்டை மாடியில் டிவி ஆன்டெனாவைத் திருப்பியவர். மேலேயிருந்து "தெரியுதா?" கீழேயிருந்து "கோடு கோடா வருது!" இரண்டு கலைகளும் அவர் கண்ணெதிரிலேயே வழக்கொழிந்தன. 2000-ஆம் ஆண்டை ஒட்டி வெளிச்சத்தில் ஓடுகிற மவுஸ் வந்ததும் சுரண்டுவதற்கு அழுக்கில்லாமல் போயிற்று. ஊக்கு மட்டும் இன்னும் அரைஞாண் கயிற்றில் தொங்குகிறது.

மவுஸுக்குக் காரணகர்த்தாவான டக்ளஸ் எங்கெல்பர்ட்டின் கதியும் அப்படியொன்றும் மேலாக இல்லை. மரக்கட்டைக்கு அடியில் இரண்டு சக்கரம் வைத்துச் செய்த அந்தச் சாமானை 1968 டிசம்பர் 9-ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் மேடையேற்றி, அரங்கத்தையே எழுந்து நின்று கைதட்ட வைத்தார். 1970-இல் காப்புரிமை கிடைத்தது. அது அவர் வேலை பார்த்த ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனது. ராயல்டி என்று அவர் கைக்கு ஒன்றும் வரவில்லை. நம்மவருக்காவது ஒரு டீ வருகிறது.

டீக்கு மேல் அவர் எதுவும் வாங்க மாட்டார். இதுதான் பெரிய ஆபத்து. காசு வாங்குகிறவரிடம் "ஏன் சரியாகலை?" என்று சண்டை போடலாம். இலவசமாக வந்தவரை எந்த வாயால் கேட்பது? கடைக்காரர் ஒரு தடவை ரொம்பப் பணிவாக, "அண்ணே, பேசாம வயர் மவுஸே வாங்கிப் போட்டுடலாமா?" என்றார். அவர் முகம் சுருங்கிப்போனது. "அப்ப என்மேல நம்பிக்கை இல்ல?" என்று எழுந்தவரை உட்கார வைக்கக் கூடுதலாக ஒரு வடை செலவானது. மவுஸையும் எலியையும் வைத்துச் சொல்லக்கூடிய சிலேடைகளையெல்லாம் அவரே சொல்லி முடித்துவிட்டார். நமக்கு ஒன்றும் மிச்சமில்லை.

அவருடைய உச்சகட்டம் நவம்பரில் வரும். இந்தப் பகுதியில் சம்பா நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு செய்யக் கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 15. அதற்கு முந்தைய நாட்களில் வெளியே வடகிழக்குப் பருவமழை, உள்ளே அடங்கலும் ஆதாரும் பாஸ்புக்கும் பாலிதீன் பையில் சுற்றிக்கொண்டு நிற்கிற விவசாயிகள். சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நேரம் பார்த்து மவுஸின் சக்கரத்தில் தூசி சேர்ந்து, ஒரு படி உருட்டினால் இரண்டு படி தாவும். மாவட்டப் பட்டியலில், ஆங்கில அகரவரிசையில் கடலூருக்கு அடுத்தது தருமபுரி. எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பதறிப்போய், "ஏம்மா, கொள்ளிடக்கரையில கெடக்கற நம்ம நெலம் எப்பம்மா தருமபுரிக்குப் போச்சு?" என்று கேட்டார். வெள்ளத்துக்கே நகராத நிலம்.

பட்டனும் அப்படித்தான். உள்ளே இருக்கும் சின்ன ஸ்விட்சின் தகடு தேய்ந்துவிட்டால் ஒரு தட்டு இரண்டு தட்டாகப் பதிவாகும். ஒரு ரசீது கேட்டால் இரண்டு வரும். வைத்தியர் அந்தப் பெண்ணுக்கு யோசனை சொன்னார்: "அதட்டாம கிளிக் பண்ணு பாப்பா. பூ மாதிரி." அவள் பூ மாதிரி கிளிக் செய்தாள். மூன்று ரசீது வந்தது.

அவள் கொஞ்ச நாள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாயைத் திறக்காமல், சிதம்பரம் போயிருந்த ஒரு நாள் வயர் வைத்த மவுஸ் ஒன்றை வாங்கி வந்து, கம்ப்யூட்டரின் பின்பக்கம் செருகி, கீபோர்டு வைக்கும் இழுப்புப் பலகையில் காலண்டர் அட்டை போட்டு அதன்மேல் வைத்துக்கொண்டாள். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு மவுஸ் இருந்தால் அது கோபித்துக்கொள்ளாது. எதை அசைத்தாலும் அதே அம்புக்குறி நகரும். வயர்லெஸ் மவுஸ் மேலே, கண்ணாடிமேல், பழைய இடத்தில் கம்பீரமாக வீற்றிருக்கிறது. யாரும் அதைத் தொடுவதில்லை, ஒருவரைத் தவிர. அவருக்காகவே மாதம் ஒரு செல் வாங்கிப் போடுகிறார் கடைக்காரர். இப்போதெல்லாம் அவர் வந்தால் யாரும் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை. எதிர்ப்பக்கம் ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். அங்கே திரை தெரியாது.

போன வாரமும் வந்தார். மவுஸை எடுத்துத் தொடையில் தட்டினார். செல்லுக்கு டெஸ்டர் வைத்தார், உருட்டினார், வேட்டியில் துடைத்தார். அவள் கீழே இருந்த மவுஸால் யாருக்கோ வருமானச் சான்று விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். அவர் மவுஸைக் கண்ணாடிமேல் வைத்து வட்டமாகச் சுற்றினார்.

"இப்ப நகருதா பாப்பா?"

"நகருது பெரியப்பா."

"சும்மா சொல்லாத. நல்லாப் பாரு."

"நல்லா நகருது பெரியப்பா. அப்படியே கொஞ்சம் கைய எடுத்துடுங்க, நான் சப்மிட் குடுத்துக்கறேன்."

கையை எடுத்துக்கொண்டு, விண்ணப்பம் போட வந்தவரிடம் திரும்பினார். "செல்லு டவுனாயிருந்துச்சு. வேற ஒண்ணுமில்ல" என்றார். டீ வந்தது.