பேராண்டி, பெட்டிய அளந்தியாலே?

வாலே, உக்காரு. கம்ப்யூட்டருக்குக் கூலர் வாங்கப் போறியாம்லா? ஒங்க ஆச்சி சொன்னா. எனக்கு இந்த எளவெல்லாம் எங்க தெரியப் போவுது, காதுல விழுந்ததச் சொல்லுதேன். இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுரு. அதுல நீ கெட்டிக்காரன்தான்.

நீ வாங்கியிருக்க பிராசசரு ரைசன் 5 7600. 65 வாட்டுச் சாமான். முழுமூச்சா ஓடுனாலும் 88 வாட்டுலதான் நிக்கும். ரெய்த் ஸ்டெல்த்துன்னு ஒரு கூலரயும் கம்பெனிக்காரன் கூடவே வச்சிருக்கான். நீ அதத் தொட்டுக்கூடப் பாக்கல. தொரைக்கு ஆஸ்திரியாக்காரன் நாக்டுவா என்எச்-டி15 வேணும். ஆறு ஹீட் பைப்பு, ரெண்டு 140 மில்லி ஃபேனு, எடை 1.3 கிலோ. சாமான்ல குத்தம் சொல்ல முடியாது. 253 வாட்டு வரைக்கும் இழுக்குற இன்டெல் ஐ9 13900கே வச்சிருக்கவன் வாங்கட்டும், ஞாயம் இருக்கு. நீ எதுக்குலே? ஓ, ஒங்கூட்டாளி வச்சிருக்கானோ. சரி சரி.

அது போட்டும், கேபினட்ட அளந்தியா? கூலர் உயரம் 160 மில்லி வரைன்னு அட்டையிலயே போட்டிருக்கான். நாக்டுவா 165. பக்கத்துக் கண்ணாடி மூடாது. மூடலேன்னா என்ன, பல்லி வந்து போவ வாசல் வேணும்லா! இன்னும் கேளு. முன் ஃபேனுக்கு அடியில ராமுக்கு 32 மில்லிதான் எடம். நீதான் லைட்டு மினுக்குற நெட்ட ராமா பாத்து வாங்கியிருக்கியே. அப்போ ஃபேனத் தூக்கி மாட்டணும். தூக்குனா உயரம் இன்னும் கூடும்.

அந்த ஹீட் பைப்புங்கிற செம்புக் குழாய்க்குள்ள என்ன இருக்குன்னு தெரியுமா? துளியூண்டு தண்ணி. உள்ள காத்த உறிஞ்சி எடுத்திருக்கதால கொஞ்சச் சூட்டுலயே ஆவியாயிரும். இட்லிக் கொப்பரை மூடியில ஆவி பட்டுத் திரும்பச் சொட்டுதுல்லா, அதே சோலிதான். ஆவி தகட்டுப் பக்கம் போயி குளுந்து தண்ணியாயி, குழாய்ச் சுவர் வழியா ஊறித் திரும்பி வரும். தகட்டுக்கு வந்த சூட்ட ஃபேன் காத்து வாரிட்டுப் போவணும். அந்தக் காத்தே வெந்து கெடந்தா? ஏசி ரூம்ல 24 டிகிரியில சோதிச்சவன் 70 காட்டுதுன்னு சொல்லுவான். அக்னி நட்சத்திரத்துல ஒன் ரூமு 37. அதே கூலரு, அதே வேல, 83 காட்டும். இந்த மாதிரி எந்தக் கூலருக்கும் ரூம் காத்த விடக் குளிர வைக்கத் தெம்பு கெடையாது. இதுல நீ முன்பக்கம் ஓட்டையே இல்லாத கண்ணாடிப் பெட்டியா வாங்கியிருக்க. விட்ட மூச்சையே திரும்ப இழுத்துட்டுக் கெடக்கும். மொதல்ல அத வலை போட்ட பெட்டியா மாத்து.

பிராசசரு கூட வந்த கூலரே உன் விளையாட்டுக்குக் காணும், கொஞ்சம் எரையும். சத்தம் ஆவாதுன்னா நாலு குழாய், ஒத்த 120 மில்லி ஃபேனு, டீப்கூல் ஏகே400 போதும்; உயரம் 155. நாள் முழுக்க வீடியோ ரெண்டர் போடுவேன்னு பீத்துனா தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ. அதும் 155தான், நாக்டுவா வெலையில பாதிகூட வராது.

மாட்டும்போது அடித்தகட்டுல ஒட்டியிருக்க பிளாஸ்டிக் தாள உரிலே. உரிக்காம மாட்டிட்டுச் சூடு ஏறுது சூடு ஏறுதுன்னு கம்பெனிக்காரன வையற மகராசனுங்க உண்டு. பேஸ்டு பட்டாணி அளவு போதும். நீ என்ன சுவத்துக்குச் சுண்ணாம்பா பூசுத? திருகாணிய ஒரு பக்கமே முறுக்காம மாத்தி மாத்திக் கொஞ்சங் கொஞ்சமா முறுக்கு. ஃபேன்ல குறுக்குச் சட்டம் தெரியிற பக்கந்தான் காத்து வெளிய வரும். அதப் பெட்டியோட பின்பக்கமாத் திருப்பி வையி.

மிச்சப் பணத்தத் திரும்ப ராம்ல போட்டுராத. என் கட்டிலுக்கு நேரா ஒரு சீலிங் ஃபேன மாட்டு. ஒன் பிராசசரு 95 டிகிரி வரைக்கும் தாங்கும்னு கம்பெனிக்காரனே எழுதிக் குடுத்திருக்கான். எனக்கு எவனும் அப்படி எழுதிக் குடுக்கல.