நனைய மாட்டேன்!

மட்டாஞ்சேரியில் பழைய கிட்டங்கிச் சுவரெல்லாம் மழையில் ஊறிப் பாசி பிடித்துக் கிடக்கிறதே, தண்ணீர் ஒட்டாத சுவரே கிடையாதா? (மட்டாஞ்சேரி வாசகர்)

சுவரோரம் முளைத்திருக்கும் சேம்பிலையைக் கேளுங்கள். வழவழப்பாக இருப்பதால் தண்ணீர் உருள்கிறது என்றுதானே நினைக்கிறீர்கள்? சொரசொரப்பாக இருப்பதால்தான்! கண்ணுக்குத் தெரியாத மேடுகள், அவற்றின்மேல் மெழுகு. துளி மேட்டு நுனியில் மட்டும் உட்காரும். உருளும்போது தூசியையும் அள்ளிக்கொண்டு போகும். ஜெர்மன் தாவரவியலாளர் பார்த்லாட், தாமரை இலையிலும் உள்ள இந்த வித்தையை 1997-இல் விளக்கி எழுதினார். 1999-இல் பெயின்ட்டாகவே கடைக்கு வந்துவிட்டது. ஆனால், காயலோரச் சுவரில் ஈரம் அஸ்திவாரத்திலிருந்தும் ஏறுகிறதே! வாசலில் காவல் போட்டால், திருடன் தரைவழியாக வருவான்.

நனையாத, அழுக்கே ஆகாத சட்டை வந்துவிட்டதாமே?

மழை உள்ளே வராது, சரி. கொச்சிப் புழுக்கத்தில் வியர்வை எங்கே போகும்? ஃபோர்ட் கொச்சி தோபிகானாவில் தலைமுறைகளாக வெளுத்துவரும் தமிழ்க் குடும்பங்கள் இப்போதைக்குக் கவலைப்பட வேண்டாம். துவைக்கத் துவைக்க, சட்டையில் தண்ணீர் ஒட்டாமல் காக்கும் பூச்சு தேய்ந்துவிடும். இன்னொன்று: இத்தகைய பூச்சுகள் பலவற்றில் இருப்பவை ஃப்ளூரின் சேர்மங்கள். மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதையாதவை.