கோயில் கணக்கும் கட்சிக் கணக்கும்

ஊடகத்துறையில் பட்டம் வாங்கி, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள ஆயர் தாவாருக்குத் திரும்பியதும், “அரசியலும் சமயமும் எழுதப் போறேன்” என்று அறிவித்தேன். “சம்பளம் யாரு கொடுப்பா?” என்றார் அம்மா. “ஜாமீன் யாரு கொடுப்பா?” என்றார் மாமா.

மாமா கேட்டதிலும் நியாயம் உண்டு. 1948இல் வந்த தேச நிந்தனைச் சட்டம் இன்னும் திடகாத்திரமாக இருக்கிறது. 1924இல் பிறந்த தமிழ் நேசன் நாளிதழ்தான் 2019 ஜனவரியோடு கண்ணை மூடிவிட்டது.

ஆனால் பேராக்கில் எழுத விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை. 2009 மே 7ஆம் தேதி, ஈப்போ சட்டமன்றத்தில் சபாநாயகர் சிவகுமாரை நாற்காலியோடு சேர்த்தே வெளியேற்றினார்கள். நாற்காலியை விடாத அரசியல்வாதிகள் உலகமெங்கும் உண்டு. நாற்காலியும் அவரை விடாதது இங்கேதான்.

எனக்குக் கிடைத்த முதல் எழுத்து வேலை, கோயில் ஆண்டறிக்கை. செயலாளர் மோட்டார் கூடையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துப் போட்டார். பந்தல் ரசீது, பால்குடப் பட்டியல், மேளக்காரருக்குக் கொடுத்த முன்பணம், எல்லாம் எண்ணெய்க் கறையோடு. பொதுக்கூட்டத்தில் ஆன்மிகம் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. “போன வருஷம் வாங்கின எவர்சில்வர் அண்டா எங்கே?” என்று பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். அதன்பிறகு நடந்தது முழு அரசியல்: இரண்டு அணி, ஒரு வெளிநடப்பு, பொருளாளர் ராஜினாமா. அண்டா மட்டும் வரவில்லை.

அடுத்த வாரம் அதே செயலாளர், அதே ஃபைலோடு வந்தார். இப்போது கட்சிக் கிளை அறிக்கையாம். ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்படி கட்சியும் சங்கப் பதிவிலாகாவில்தான் பதிய வேண்டும். கோயில் நிர்வாகங்களும் பெரும்பாலும் அங்கேதான். அரசாங்கமே ஒரே அலமாரியில் வைத்திருப்பதைப் பிரிக்க நான் யார்? கோயில் அறிக்கையையே திறந்தேன். ‘அம்பாள் அருளால்’ என்பதை ‘தலைவர் ஆதரவால்’ என்றும், ‘பக்தர்கள்’ என்பதை ‘உறுப்பினர்கள்’ என்றும் மாற்றினேன். ‘வீதியுலா வந்து அருள்பாலித்தார்’ என்ற வரியை மட்டும் வேண்டுமென்றே விட்டுவைத்தேன்.

கூட்டத்தில் அந்த வரிக்குத்தான் கைதட்டல். கிளைத் தலைவர் என்னைத் தனியே அழைத்தார். “எல்லாம் நல்லா இருக்கு தம்பி. என் பேருக்கு முன்னால ஒரு ‘டத்தோ’ பட்டம் போட்டுடு.”

“இன்னும் கிடைக்கலையே, அண்ணே?”

“நீ எழுதி வை. அச்சாகி வர்றதுக்குள்ள கிடைச்சிடும்.”

இவ்வளவு நம்பிக்கையை நான் எந்தக் கோயிலிலும் பார்த்ததில்லை.