சுருட்டை முடியும் கொல்லிமலை பஸ்ஸும்

கேள்வி: சுருட்டை முடியைச் சீவினால் சிங்கத்தின் பிடரி, சீவாவிட்டால் குருவிக்கூடு. என்னதான் செய்வது?

பதில்: முதல் வேலையாகச் சீப்பை ஒளித்து வைக்க வேண்டும்! காய்ந்த சுருட்டையில் சீப்பு ஓடினால் சுருள்கள் இழை இழையாகப் பிரிந்து தலை பஞ்சுமிட்டாயாகிவிடும்.

இதில் குற்றவாளி முடியல்ல, அது முளைக்கும் குழி. நேர்முடியின் வேர்க்குழி ஏறக்குறைய நேராக இறங்கும். சுருட்டைக்கு அது வளைந்திருக்கும். உச்சந்தலையில் சுரக்கும் எண்ணெய்ப்பசை நேர்முடியில் நுனிவரை வழுக்கிக்கொண்டு போகும். சுருட்டையிலோ, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் மாட்டிய பழைய பஸ் மாதிரி பாதி வழியிலேயே நின்றுவிடும். நுனி வறண்டு சிக்கு விழுவது அதனால்தான்.

அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேயின் சிகை அலங்காரக் கலைஞராக இருந்த ஆண்ட்ரே வாக்கர் முடியை 4 வகையாகப் பிரித்தார்: நேர், அலை, சுருள், நெருக்கமான சுருள். கடைசி இரண்டில் எதுவானாலும் பராமரிப்பு எளிதுதான். வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை மென்மையான ஷாம்பு, அதுவும் உச்சந்தலைக்கு மட்டும். கண்டிஷனர் நுனிப்பகுதிக்கு. அது முடியில் இருக்கும்போதே விரலாலோ அகலப்பல் சீப்பாலோ சிக்கெடுக்க வேண்டும்.

பிறகு சொரசொரத் துண்டால் துவட்டாமல், பழைய காட்டன் பனியனால் ஒற்றி எடுக்கலாம். ஈரத்திலேயே கொஞ்சம் ஜெல் தடவி, உள்ளங்கையால் கீழிருந்து மேலாகக் கசக்கிவிட்டு, காயும்வரை கை வைக்காமல் இருப்பதுதான் பலருக்கும் கஷ்டமான கட்டம்.

ஒளித்து வைத்தது அகலப்பல் சீப்பு என்றால், அடுத்த தலைக்குளியல் அன்று வெளியே எடுக்கலாம்.