இடது பக்கம் வந்தது உங்கள் குற்றம்

வடசென்னைக்காரர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம். சாலையில் இடது ஓரமாகப் போகிறார்கள். லைசென்ஸ் எடுக்கும்போது அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள் என்று சாதிக்கவும் செய்கிறார்கள். கன்டெய்னர் லாரி இடது பக்கம் திரும்பும்போதும் அதே ஓரத்தில் போய், பின்சக்கரத்துக்குள் அகப்பட்டு, துறைமுகத்தின் சரக்குப் போக்குவரத்துக்கு ஒரு மணி நேரம் இடைஞ்சல் செய்கிறார்கள். எதிர்ச்சாரி டீக்கடையில் தீர்ப்பும் உடனே வந்துவிடும்: "லெஃப்ட்ல இன்னாத்துக்குப் பூந்தான்?"

எதற்கு என்று நான் சொல்கிறேன். நாற்பது அடிப் பெட்டி. அதை இழுக்கும் முன்வண்டி தனி. எண்ணூர் விரைவுச் சாலையிலிருந்து இடது பக்கம் ஒரு தெருவுக்குள் திரும்ப வேண்டுமென்றால் ஓட்டுநர் முதலில் வலது பக்கம் ஒடித்தாக வேண்டும். முன்சக்கரம் போன தடத்தில் டிரெய்லரின் பின்சக்கரம் வராது. மூன்று நான்கு மீட்டர் உள்ளே தள்ளி, மூலையை அறுத்துக்கொண்டு வரும். லாரி வலது பக்கம் ஒதுங்குவதைப் பார்க்கும் ஸ்கூட்டர்காரர், அண்ணன் நமக்கு வழி விடுகிறார் என்றுதான் நினைப்பார். இடது பக்கம் திறந்த இடத்தில் வண்டியை விடுவார். பாதி போவதற்குள் அது மூட ஆரம்பிக்கும். ஒரு பக்கம் தகரச் சுவர், மறுபக்கம் மூடி உடைந்த மழைநீர்க் கால்வாய். ஓட்டுநருக்கு எதுவும் தெரியாது. முன்வண்டி மடிந்து திரும்பியபின் இடப்பக்கக் கண்ணாடியை அந்தப் பெட்டியே அடைத்துக்கொண்டிருக்கும்.

முன்பெல்லாம் அந்தப் பக்க ஜன்னலில் ஒரு கிளீனர் தொங்கிக்கொண்டு வருவார். கதவைப் படபடவென்று தட்டி "ஓல்டான், ஓல்டான்" என்று கத்துவார். அத்தனை டன் இரும்புக்கும் இடது பக்கம் இருந்த ஒரே கண் அவர். ஒரு ஆள் பேட்டா மிச்சம் என்று பல வண்டிகளில் அவரை இறக்கிவிட்டார்கள். இப்போது அந்த ஜன்னலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்குகின்றன. லண்டனில் 12 டன்னுக்கு மேற்பட்ட லாரி நகருக்குள் வர, ஓட்டுநர் இருக்கையிலிருந்து நேராகக் கண்ணுக்கு எவ்வளவு தெரிகிறது என்று அளந்து நட்சத்திரம் போட்டு, அதைப் பார்த்துத்தான் அனுமதி கொடுக்கிறார்கள். நமக்கு அதெல்லாம் எதற்கு, திருஷ்டி கழித்தாகிவிட்டதே.

சாலையை வடிவமைக்கும்போது எவ்வளவு நீள வண்டியை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1983லேயே தரநூல் போட்டது. டிரெய்லரும் அதில் உண்டு. அந்த நூலைப் படித்த பொறியாளர் யாரும் மணலிப் பக்கம் வந்ததில்லை போலும். வந்திருந்தால் மாட்டுவண்டி திரும்பிய மூலையில் கன்டெய்னரைத் திரும்பச் சொல்லியிருக்க மாட்டார். இருக்கிற மூலையாவது முழுசாக இருக்கிறதா? மின்வாரியப் பெட்டி, கட்சிக் கொடிக்கம்பம், கண்ணீர் அஞ்சலிப் பேனர், அள்ளாமல் விட்ட மணல். அந்தக் கண்ணீர் அஞ்சலி யாருக்கு என்று கேட்காதீர்கள்.

இந்தப் பெட்டிகள் ஊருக்குள் ஏன் வருகின்றன என்பது இன்னும் சுவையான கதை. துறைமுகத்திலிருந்து மதுரவாயலுக்கு உயர்மட்டச் சாலை போட 2009 ஜனவரியில் ஒரு பிரதமர் அடிக்கல் நாட்டினார். 2012இல் மாநில அரசு வேலையை நிறுத்தியது. காரணம், தூண்கள் கூவத்தின் நீரோட்டத்தைத் தடுக்குமாம். கூவத்தின் மேல் ஓர் அரசுக்கு இவ்வளவு அக்கறை வந்தது அதன் வரலாற்றிலேயே அபூர்வம். பாலமில்லாத தூண்கள் பத்து வருடம் வெயில் காய்ந்தன. 2022 மே மாதம் இன்னொரு பிரதமர் வந்து, இந்த முறை ஈரடுக்குப் பாலத்துக்கு, இன்னோர் அடிக்கல் நாட்டினார். ஒரே சாலைக்கு இரண்டு அடிக்கல். நடுவில் பதின்மூன்று வருடம் கன்டெய்னர்கள் திருவொற்றியூர், மணலி, மாதவரம் என்று வீட்டு வாசல்களில் ஒடித்துத் திரும்பிக்கொண்டிருந்தன. இன்றும் திரும்புகின்றன.

செத்தவரைத் திட்டி முடித்ததும் ஓட்டுநரைத் திட்டலாம். அதற்குச் சட்டமே இருக்கிறது. துறைமுக வாசலில் மணிக்கணக்கில் வரிசை, வண்டிக்கடியிலேயே சமையல், தூக்கம் என்று கிடந்துவிட்டு, டிரிப்புக்கு இத்தனை என்ற கணக்கில் ஓட்டுகிறவர் அவர். வண்டி மோதி ஆள் செத்தபின் சொல்லாமல் ஓடினால் பத்து வருடம் வரை சிறை என்று புதிய நியாய சம்ஹிதாவில் எழுதினார்கள். நின்றால் கூட்டம் அடிக்கும், ஓடினால் பத்து வருடமா என்று நாடு முழுவதும் 2024 ஜனவரியில் லாரிகள் நின்றன. பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டது. அரசு பயந்தது. ஜூலையில் சம்ஹிதா அமலுக்கு வந்தபோது அந்தப் பிரிவை மட்டும் ஓரங்கட்டிவிட்டார்கள். அந்தச் சட்டத்தை வரிவரியாகப் புரட்டினாலும், மூலையைக் குறுக்கியவருக்கு, பாலத்தை நிறுத்தியவருக்கு, கிளீனரை இறக்கிய முதலாளிக்கு என்று ஒரு பிரிவு கிடையாது.

எதிலும் தமிழகம் முதலிடம் என்பார்கள். 2022இல் சாலை விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நமக்குத்தான்: 64,105. செத்தவர்கள் 17,884 பேர். இதற்கு மட்டும் ஏனோ யாரும் பேனர் வைக்கவில்லை.

பெரிய சரக்கு வண்டிகளின் பக்கவாட்டில், சக்கரங்களுக்கு நடுவே ஆள் விழாதபடி தடுப்பு இருக்க வேண்டும் என்பது விதி. போய்ப் பாருங்கள். எஃப்.சி. காட்டும் நாளில் பளபளவென்று பெயின்ட் அடித்து மாட்டியிருக்கும். அடுத்த வாரம் ஒரு முனை கட்டுக்கம்பியில் ஆடும், அதற்கடுத்த வாரம் அதுவும் இருக்காது. இத்தனைக்கும் அது என்ன, ராக்கெட்டா? இரண்டு இரும்புக் குழாய், நான்கு போல்ட்டு. மூலையில் இரண்டு மீட்டரை வெட்டி வளைத்துவிட்டு, கம்பத்தில் ஒரு குவிகண்ணாடி மாட்டினால் இன்னும் நல்லது. கிளீனரின் பேட்டாவையும் சேர்த்தாலும், அடிக்கல் நாட்டு விழாவின் பந்தல் செலவுக்கு ஈடாகாது. ஆனால் நடக்காது. இரும்புக் குழாய்க்கு ரிப்பன் வெட்ட முடியாது; அதில் யார் பெயரைப் பொறிப்பது, யார் படத்தை ஒட்டுவது?